எமர்ஜென்சி ஸ்டாப்: பிரித்தானிய டிரைவிங் டெஸ்டுக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரித்தானியாவில் கார் பழகும் நம்மவர்கள் எமர்ஜென்சி ஸ்டாப் (ஓடும் காரை அவசரமாக நிறுத்திக் காட்டும் பயிற்சி) பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் இது பொருந்தும். அங்கே டெஸ்ட் நடத்துவது டி.வி.எஸ்.ஏ. என்ற அரச நிறுவனம். வட அயர்லாந்தில் நடத்துவது வேறு நிறுவனம், எனவே அங்குள்ளவர்கள் உங்கள் பயிற்றுநரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் லண்டனில் பழக்குபவன். உதாரணங்களும் பெரும்பாலும் லண்டன் வீதிகளில் இருந்தே வரும்.

டெஸ்டில் சரியாக என்ன நடக்கும்? எக்ஸாமினர் சொல்லாமல் கொள்ளாமல் கத்துவாரா?

மாட்டார். முதலில் இடப்பக்கம் ஓரமாக நிறுத்தச் சொல்வார். நின்றதும், "இன்னும் சற்று நேரத்தில் அவசரமாக நிறுத்தச் சொல்லப் போகிறேன், 'ஸ்டாப்' என்று சொல்லி இப்படிக் கையை உயர்த்தியதும் எவ்வளவு விரைவாகவும் பாதுகாப்பாகவும் முடியுமோ அப்படி நிறுத்துங்கள்" என்று விளக்குவார். கையையும் தூக்கிக் காட்டுவார். சைகை தருவதற்கு முன் பின்னால் வாகனம் வருகிறதா என்று தானே திரும்பிப் பார்த்துக்கொள்வதாகவும், சைகை வரும்வரை பொறுத்திருக்கும்படியும் சொல்வார். கடைசியில் விளங்கியதா என்று கேட்பார்.

பிறகு புறப்படுவீர்கள், வழமைபோல ஓட்டுவீர்கள், ஓரிடத்தில் "ஸ்டாப்!" வரும். கார் நின்றதும், "நன்றி, இதை இனிக் கேட்கமாட்டேன், ஆயத்தமானதும் தொடர்ந்து ஓட்டுங்கள்" என்பார். விளக்கம், ஓட்டம், நிறுத்தம் எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிட வேலை. அதில் பிரேக்கில் கால் இருப்பது ஏறத்தாழ இரண்டு விநாடி.

எக்ஸாமினர் கிளிப்போர்டால் டாஷ்போர்டில் படாரென்று அடிப்பார் என்று பழைய ஆட்கள் கதை சொல்வார்கள். ஒரு காலத்தில் அப்படியும் நடந்ததுதான். இப்போது அவர் கையில் இருப்பது டேப்லெட், அதை எடுத்து யாரும் அடிக்கப் போவதில்லை.

எல்லோருக்கும் இது வருமா?

வராது. நெடுங்காலமாக மூன்று டெஸ்டுக்கு ஒன்றில் கேட்டார்கள். 2025 மே மாதம் 20 டெஸ்ட் நிலையங்களில் ஒரு முன்னோட்டம் நடத்தி, அதே ஆண்டு நவம்பர் 24 முதல் நாடு முழுவதும் அதை ஏழுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். அந்த மாற்றத்தோடு, வழியில் ஓரமாக நிறுத்திப் புறப்படுவதும் நான்கு தடவையிலிருந்து மூன்றானது. வேகமான வீதிகளில் ஓட்டிப் பார்க்கக் கூடுதல் நேரம் கிடைக்க வேண்டும் என்பது இதன் நோக்கம்.

உங்கள் முகத்தைப் பார்த்தோ, நீங்கள் ஓட்டும் விதத்தைப் பார்த்தோ எக்ஸாமினர் இதைத் தீர்மானிப்பதில்லை. "நான் பயந்தாங்கொள்ளி என்று தெரிந்துதான் எனக்கு மட்டும் கேட்டார்" என்று வந்து சொல்பவர்கள் உண்டு. அப்படி எதுவும் இல்லை.

ஏழில் ஒன்றுதானே, பழகாமல் விட்டால் என்ன?

டெஸ்டுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் விடலாம்தான். ஆனால் ஒருமுறைகூட முழுப் பலத்தோடு பிரேக் மிதித்துப் பார்க்காத ஒருவர் லைசென்ஸோடு வீதிக்கு வருவது எனக்குப் பிடிக்காது. புதிதாகப் பழகுபவர்களில் பெரும்பாலானோர் முதல் தடவை மிதிப்பது பாதி பிரேக்தான். கார் எவ்வளவு கடுமையாக நிற்கக்கூடியது என்று அவர்களுக்குத் தெரியாது. சீட் பெல்ட் நெஞ்சை இறுக்கி, பின் சீட்டில் இருந்த கைப்பை கீழே விழுந்த பிறகுதான், "ஓ, இவ்வளவு மிதிக்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். அந்த அனுபவத்தை முதன்முதலாக ஒரு பள்ளிக்கூட வாசலில் பெறக்கூடாது.

முதலில் பிரேக்கா, கிளச்சா?

பிரேக். இதில் இரண்டாம் பேச்சே இல்லை.

வலது கால் ஆக்சிலரேட்டரை விட்டு பிரேக்குக்குப் போய் உறுதியாக அழுத்த வேண்டும். கிளச் அதன் பின், கார் நிற்கப்போகும் தறுவாயில், எஞ்சின் நின்றுவிடாமல் இருப்பதற்காக மட்டும். கிளச்சை முதலில் மிதித்தால் எஞ்சினுக்கும் சில்லுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். எஞ்சின் தன் பங்குக்குக் காரைப் பிடித்து இழுப்பதும் போய்விடும், கார் சற்று நேரம் தன்பாட்டில் உருளும்.

இதைச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் "ஸ்டாப்" என்றதும் இரண்டு காலும் சேர்ந்தே இறங்கும். மனித உடம்பு பதறினால் இரண்டு காலையும் நீட்டும், அது இயல்பு. டெஸ்டில் இரண்டும் ஒன்றாக இறங்கியதற்காக மட்டும் பெரிய பிழை போட்டதை நான் கண்டதில்லை, கார் நேராகவும் விரைவாகவும் நின்றிருந்தால் போதும். கிளச் மட்டும் முந்தி, பிரேக் பிந்தினால்தான் பிரச்சினை.

இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்பக்கம் சாய்கிறது, முன் சில்லுகள்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன. ஒரு கையை எடுத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை இழுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓடும் காரில் ஹேண்ட்பிரேக்கைத் தொடாதீர்கள். அது பின் சில்லுகளை மட்டும் பிடிக்கும். பாரம் குறைந்த அந்தச் சில்லுகள் உடனே பூட்டிக்கொள்ளும், காரின் பின்பகுதி பக்கவாட்டில் சுழலும்.

பிரேக்கை அமத்தி அமத்தி விட வேண்டும் என்று அப்பா சொல்கிறார். சரியா?

அப்பா ஓட்டிய காருக்கு அது சரி. ஏ.பி.எஸ். (சில்லு பூட்டாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) இல்லாத காரில் முழுவதாக அமத்தினால் சில்லு சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கும். பூட்டிய சில்லால் திரும்ப முடியாது. அதனால் விட்டு விட்டுப் பிடிப்பார்கள்.

இன்று நீங்கள் பழகும் காரில் அநேகமாக ஏ.பி.எஸ். இருக்கும். ஒவ்வொரு சில்லிலும் ஒரு சென்சர் சுழலும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு சில்லு பூட்டப்போகிறது என்றால் அந்தச் சில்லின் பிரேக் அழுத்தத்தை மட்டும் தளர்த்தி மறுபடி கூட்டும். ஒரு விநாடிக்குள் பல தடவை இது நடக்கும். அப்பாவின் கால் செய்த வேலையை அது நம் காலைவிட வேகமாகச் செய்துவிடுகிறது. உங்கள் வேலை அழுத்தியபடியே இருப்பது.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடல் காலுக்குக் கீழே படபடவென்று துடிக்கும், அடியிலிருந்து கறகறவென்று ஒரு சத்தமும் வரும். ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துக் காலை எடுத்துவிடுவார்கள். எடுக்காதீர்கள். அந்தத் துடிப்பு எல்லாம் சரியாக நடக்கிறது என்பதற்கான அடையாளம். கார் நிற்கும்வரை அமத்திக்கொண்டே இருங்கள். உங்கள் பயிற்றுநரின் காரில் ஒருமுறையாவது அந்தத் துடிப்பு வரும் அளவுக்கு மிதித்துப் பாருங்கள். ஈரமான வீதியில் அது எளிதாக வரும்.

ஏ.பி.எஸ். இருந்தால் கார் குறுகிய தூரத்தில் நிற்கும் என்று நம்ப வேண்டாம், பிரித்தானிய வீதி விதிநூலான ஹைவே கோடே அப்படி எச்சரிக்கிறது. அது தருவது பிரேக் பிடித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பும் வசதி.

காரில் ஏ.பி.எஸ். இல்லாமல், அது வழுக்கத் தொடங்கினால்?

பிரேக்கை முழுவதாக விடுங்கள், பிறகு கொஞ்சம் மென்மையாக மறுபடி அழுத்துங்கள். பின்பகுதி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை இலேசாகத் திருப்பினால் கார் நேராகும். டெஸ்டில் ஒரு சிறு வழுக்கல் வந்து நீங்கள் அதைச் சமாளித்துவிட்டால் அதற்காகத் தோற்கடிக்க மாட்டார்கள். கட்டுப்பாடு மீளாமல் வளைந்து போய் நிற்பதுதான் சிக்கல்.

"ஸ்டாப்" என்றதும் கண்ணாடி பார்க்க வேண்டுமா? சிக்னல் போட வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். கண்ணாடி பார்க்கும் நேரத்தில் கார் பல மீட்டர் போய்விடும். பின்னால் பார்க்கும் பொறுப்பை இந்த ஒரு பயிற்சிக்கு எக்ஸாமினர் ஏற்றுக்கொண்டிருக்கிறார், அவர் கண்ணாடியை மட்டும் நம்பாமல் தலையைத் திருப்பி நேராகவே பார்ப்பார். நிஜ வாழ்க்கையில் அப்படி யாரும் உங்களுக்காகப் பார்க்கப் போவதில்லை. அதற்காகத்தான் வழமையான ஓட்டத்தில் சில விநாடிக்கொரு முறை கண்ணாடி பார்க்கப் பழக்குகிறோம். எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அவசரம் வரும்போது பின்னால் என்ன இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

எக்ஸாமினர் திரும்பிப் பார்ப்பது எனக்குத் தெரியுமே. அப்போதே பிரேக்கில் காலை வைத்துக்கொள்ளலாமா?

இந்தத் தந்திரம் எல்லோருக்கும் தோன்றும். அவர் தலை திரும்புவது ஓரக்கண்ணில் தெரியும், உங்கள் கால் தானாக ஆக்சிலரேட்டரை விடும், கார் மெதுவாகும். ஆனால் பின்னால் ஒரு வான் வருவதைக் கண்டுவிட்டு அவர் சைகை தராமலே இருந்துவிடலாம். அப்போது காரணமில்லாமல் வேகம் குறைத்தவர் நீங்கள். சைகைக்கு முன்பே பிரேக் பிடித்துவிட்டால் இன்னும் மோசம், அந்த வான் உங்களுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

பயத்தில் 15 மைல் வேகத்தில் ஊர்ந்துகொண்டு போவதாலும் ஒன்றும் மிச்சமில்லை. நீங்கள் சாதாரண வேகத்துக்கு வரும்வரை அவர் காத்திருப்பார்.

எத்தனை மீட்டரில் நிற்க வேண்டும்?

அளவுநாடா வைத்து யாரும் அளப்பதில்லை. தயங்காமல், தாமதமில்லாமல், கட்டுப்பாட்டோடு நின்றீர்களா என்பதே கேள்வி. ஆனாலும் ஹைவே கோடில் உள்ள எண்கள் மனதில் இருக்க வேண்டும். 20 மைல் வேகத்தில் மொத்தம் 12 மீட்டர், 30 மைலில் 23 மீட்டர், 40 மைலில் 36, 50 மைலில் 53, 60 மைலில் 73, 70 மைலில் 96. 30 மைலுக்கான 23 மீட்டரில் 9 மீட்டர் நீங்கள் கண்டு, உணர்ந்து, காலை நகர்த்துவதற்குள் போய்விடும். எஞ்சிய 14 மீட்டர்தான் பிரேக் பிடிக்கும் தூரம். 23 மீட்டர் என்பது லண்டன் டபுள் டெக்கர் பஸ்கள் இரண்டை முன்னும் பின்னுமாக நிறுத்திய நீளம்.

இந்த எண்களில் ஒன்றைக் கவனியுங்கள். 20க்கும் 40க்கும் இடையில் வேகம் இரண்டு மடங்கு, யோசிக்கும் தூரமும் 6 மீட்டரிலிருந்து 12 ஆக இரண்டு மடங்கு. ஆனால் பிரேக் தூரம் 6 மீட்டரிலிருந்து 24 ஆக நான்கு மடங்கு. வேல்ஸில் 2023 செப்டம்பர் 17 முதல் குடியிருப்பு வீதிகளில் பொதுவாக 20 மைல் என்று ஆக்கியதற்கும், லண்டனில் தெருத் தெருவாக 20 பலகை முளைப்பதற்கும் பின்னால் உள்ள கணக்கு இதுதான். எரிச்சலோடு 20இல் போகும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஈரத்தில் இடைவெளியைக் குறைந்தது இரண்டு மடங்காக்க வேண்டும். பனிக்கட்டியில் நிற்கும் தூரம் பத்து மடங்கு வரை போகலாம். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது சட்டப்படியும் குற்றம். சொந்தக் காரில் டெஸ்டுக்குப் போகிறவர்கள் அதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

மழை பெய்தால் இந்தப் பயிற்சியை விட்டுவிடுவார்களா?

சாதாரண மழைக்கு விடமாட்டார்கள். வீதி ஈரம் என்றால் அதற்கேற்ப வேகத்தை நீங்கள்தான் தெரிவுசெய்ய வேண்டும். கடும் பனி, உறைபனி என்றால் டெஸ்டே தள்ளிப்போகும்.

கார் நின்றுவிட்டது. அடுத்து?

இந்தக் கேள்வியைப் பத்துப் பேரில் ஒருவர்தான் கேட்கிறார். என் அனுபவத்தில் எமர்ஜென்சி ஸ்டாப்பால் டெஸ்ட் போனவர்களில் அதிகம் பேர் நிறுத்தத் தெரியாமல் தோற்கவில்லை, நின்ற பிறகு நடந்துகொண்ட விதத்தால்தான் தோற்றார்கள்.

நடப்பது இதுதான். கார் பட்டென்று நிற்கிறது. நெஞ்சு அடிக்கிறது. எக்ஸாமினர் "நன்றி" என்கிறார். "அப்பாடா" என்று மூச்சு விட்டு, முதல் கியரைப் போட்டு நேரே கிளம்பிவிடுகிறார்கள். கார் நிற்பது வீதியின் நடுவில் என்பது மறந்துவிடுகிறது. நீங்கள் நிற்பதைப் பார்த்து இடப்பக்கத்தால் ஒரு சைக்கிள்காரர் நுழைந்திருப்பார். வலப்பக்கத்தால் ஒரு மோட்டார் சைக்கிள் முந்திக்கொண்டிருக்கும். நிறுத்தியிருக்கும் கார்களுக்கு இடையிலிருந்து ஒருவர் வீதியைக் கடக்கத் தொடங்கியிருப்பார். பார்க்காமல் கிளம்பியது எக்ஸாமினர் கண்ணில் பட்டால் அது பெரிய பிழையாகவே விழக்கூடும்.

ஓரத்தில் நின்று புறப்படும்போது வலது தோளுக்கு மேலால் பார்ப்போம். நடுவீதியில் நிற்கும்போது இரண்டு பக்கத்தாலும் ஆட்கள் வரலாம், ஆகவே இரண்டு தோளுக்கு மேலாலும் பார்க்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, நியூட்ரலுக்கு வந்து, ஒரு மூச்சு விடுங்கள். பிறகு முதல் கியர், மூன்று கண்ணாடி, இடத்தோள், வலத்தோள், புறப்பாடு. உடனே கிளம்பப் போகிறீர்கள் என்றால் ஹேண்ட்பிரேக் கட்டாயமில்லை, ஆனாலும் நான் போடச் சொல்வேன். கை அதைச் செய்யும் நேரத்தில் மனம் அடங்கிவிடும், பார்க்க வேண்டும் என்ற நினைவும் வரும். நேரம் எடுப்பதற்காக யாரும் புள்ளி குறைப்பதில்லை.

நிற்கும்போது எஞ்சின் ஓஃப் ஆகிவிட்டால் ஃபெயிலா?

இல்லை. ஹேண்ட்பிரேக், நியூட்ரல் அல்லது கிளச், மறுபடி ஸ்டார்ட், சுற்றிப் பார்த்துப் புறப்படுங்கள். அதிகம் போனால் ஒரு சிறு பிழை. பதற்றத்தில் கியரிலேயே வைத்துச் சாவியைத் திருப்பி, கார் ஒரு குதி குதிப்பதுதான் ஆபத்து.

எந்தப் பிழைக்கு என்ன விழும்?

மூன்று தரம் உண்டு: சாதாரணப் பிழை, பெரிய பிழை, ஆபத்தான பிழை. சாதாரணப் பிழை 15 வரை பாஸ், 16 என்றால் ஃபெயில். மற்ற இரண்டில் ஒன்று விழுந்தாலே ஃபெயில். டெஸ்ட் அறிக்கையில் இந்தப் பயிற்சி 'கன்ட்ரோல்ட் ஸ்டாப்' என்ற பெயரில் இருக்கும், விரைவாக நிறுத்தினீர்களா என்பதையும் கட்டுப்பாட்டோடு நிறுத்தினீர்களா என்பதையும் பார்ப்பார்கள். கொஞ்சம் தாமதித்துப் பிடித்தால் சாதாரணப் பிழையோடு தப்பலாம். சிவப்பு விளக்குக்கு நிற்பதுபோல ஆறுதலாக நிறுத்தினால் பெரிய பிழை. புறப்படும்போது பார்க்காதது இந்தத் தலைப்பில் வராது, புறப்படுவதற்கான தலைப்பில் விழும். அறிக்கையைப் பார்த்துவிட்டு, "எமர்ஜென்சி ஸ்டாப் நன்றாகத்தானே செய்தேன், அதில் ஒன்றுமே இல்லையே" என்று குழம்புவது இதனால்தான்.

ஊரில் பல வருடம் ஓட்டியிருக்கிறேன். எனக்கும் இதெல்லாம் தேவையா?

இலங்கை, இந்திய லைசென்ஸை இங்கே நேரடியாக மாற்றிக்கொள்ள முடியாது. வந்து குடியேறியதிலிருந்து 12 மாதம் அதை வைத்து ஓட்டலாம், அதன் பின் இங்குள்ள தியரியும் பிராக்டிகலும் பாஸ் செய்தாக வேண்டும். ஆகவே தேவை.

ஊரில் ஓட்டியவர்களுக்கு வாகனம் கைவந்திருக்கும், நெரிசலில் நிதானமும் இருக்கும். அது பெரிய பலம். ஆனால் எமர்ஜென்சி ஸ்டாப்பில் மூன்று பழக்கங்கள் எட்டிப்பார்க்கும். ஒன்று, கிளச்சை முதலில் மிதித்து உருள விடுவது. பெற்றோல் மிச்சம் பிடிக்கப் பழகியவர்களுக்கு இது காலோடு ஒட்டிய பழக்கம். இரண்டு, பிரேக்கும் ஹோர்னும் ஒன்றாக வருவது. "ஸ்டாப்" என்றதும் கை ஹோர்னுக்குப் போகும், அந்தக் கை ஸ்டியரிங்கில் இருக்க வேண்டியது. மூன்று, நிறுத்துவதற்குப் பதிலாக வெட்டி விலகுவது. இலங்கையின் ஏ9 வீதியில் குறுக்கே வந்த மாட்டை விலத்தி விலத்திப் பழகியவருக்கு, நிற்பது தோல்விபோலத் தோன்றும். இங்கே எக்ஸாமினர் கேட்பது நேர்கோட்டில் நிற்பது.

புதிதாகப் பழகுபவரைவிட இந்தப் பழக்கங்களை மாற்றுவதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும். அண்ணாமார் இதை ஒப்புக்கொள்ள முதல் இரண்டு பாடம் போகும், அதன் பிறகு வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

எனக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. தமிழில் சொல்வார்களா?

சொல்ல மாட்டார்கள். முன்பு தியரி டெஸ்டில் தமிழ் உட்பட 19 அயல்மொழிகளில் குரல் வசதி இருந்தது, பிராக்டிகலுக்கு மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிப்போகலாம். 2014 ஏப்ரல் 7 முதல் இரண்டும் நிறுத்தப்பட்டன. பயிற்றுநரோ உறவினரோ பின் சீட்டில் இருக்கலாம், ஆனால் வாய் திறக்கக்கூடாது.

எக்ஸாமினர் எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே வசனங்களைத்தான் சொல்வார். பயிற்றுநரிடம் அந்த ஆங்கில வசனங்களை அப்படியே, அதே வேகத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பழகுங்கள். தமிழில் பழகிவிட்டு டெஸ்டன்று முதன்முதலாக ஆங்கிலத்தில் கேட்டால் அரை விநாடி பிந்தும். நான் மற்ற எல்லாவற்றையும் தமிழில் கதைத்தாலும், இந்தக் கட்டளைகளை மட்டும் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில்தான் சொல்வேன். விளங்காவிட்டால் மறுபடி சொல்லும்படி கேளுங்கள், அதற்குப் பிழை இல்லை.

ஓட்டோமேட்டிக் காரில்? மின்சாரக் காரில்?

ஓட்டோமேட்டிக்கில் வேலை குறைவு: பிரேக்கை மட்டும் அமத்துங்கள், இடது கால் ஓய்வில் இருக்கட்டும். மனுவலில் பழகி இடையில் மாறியவர்கள்தான் கவனம். இடது கால் கிளச் இருப்பதாக நினைத்துக்கொண்டு பாயும்.

மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரை விட்டாலே கார் தானாக இழுத்துப் பிடிக்கும். நகரத்தில் பலர் பிரேக்கைத் தொடாமலே நாள் முழுக்க ஓட்டுகிறார்கள். அந்தப் பிடிப்பு அவசரத்துக்குப் போதாது. கால் கட்டாயம் பிரேக்குக்குப் போக வேண்டும்.

சில கார்களில் கடுமையாகப் பிரேக் பிடித்ததும் நான்கு பக்க விளக்குகளும் தானாக மின்னத் தொடங்கும். பதற வேண்டாம். புறப்படுமுன் அவை நிற்கவில்லை என்றால் பொத்தானை அழுத்தி நிறுத்துங்கள்.

டெஸ்டின் நடுவில் உண்மையாகவே ஒரு பிள்ளை வீதிக்கு ஓடிவந்தால்?

நிறுத்துங்கள். எக்ஸாமினரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். அப்படி நிஜமாகவே ஒரு அவசர நிறுத்தம் நடந்துவிட்டால், பயிற்சிக்காக இன்னொரு தடவை கேட்க மாட்டார்கள்.

புறாவுக்கு நிறுத்துவதா என்று ஒரு துணைக்கேள்வி எப்போதும் வரும். லண்டன் புறாக்கள் கடைசி நொடியில் பறந்துவிடும், பின்னால் வரும் பஸ் பறக்காது. வேகத்தைக் குறைக்கலாம், ஆனால் பின்னால் வாகனம் ஒட்டிவரும்போது புறாவுக்காகப் பட்டென்று நிறுத்துவதை எக்ஸாமினர் ரசிக்க மாட்டார். நாய், ஆடு, மாடு, குதிரை போன்றவற்றோடு மோதினால் நின்று விபரம் கொடுக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. பூனை அந்தப் பட்டியலில் இல்லை.

என் கணவருடன் வீட்டுக்குப் பக்கத்தில் பழகலாமா?

அவருக்கு 21 வயதாகி, மூன்று வருடமாக முழு லைசென்ஸ் இருந்து, காருக்கு உங்கள் பேரில் காப்புறுதியும், பழகுபவர் என்று காட்டும் எல் பலகையும் இருந்தால் சட்டப்படி ஓட்டிப் பழகலாம். ஆனால் எமர்ஜென்சி ஸ்டாப்பின் முதல் சில தடவைகளைப் பயிற்றுநரோடு செய்துவிடுங்கள். அவர் பக்கத்தில் இன்னொரு பிரேக் இருக்கிறது, வீட்டுக் காரில் இல்லை. பின்னர் வீட்டில் பழகுவதென்றால் ஆளில்லாத அகலமான வீதி, நல்ல வெளிச்சம், பின்னால் ஒரு வாகனமும் இல்லை என்று பக்கத்தில் இருப்பவர் தலையைத் திருப்பிப் பார்த்து உறுதிசெய்த பிறகு மட்டும். நின்றிருக்கும் காரிலேயே, எஞ்சினைப் போடாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை மாற்றிப் பழகுவதும் நல்ல பயிற்சி. குதிக்காலை ஊன்றிக்கொண்டு பாதத்தை மட்டும் திருப்புகிறீர்களா, முழுக் காலையும் தூக்குகிறீர்களா என்று பாருங்கள். தூக்கினால் நேரம் போகிறது.

ஒரே பாடத்தில் பத்துத் தடவை செய்ய வேண்டாம். கழுத்தும் நோகும், பக்கத்தில் இருப்பவரின் பொறுமையும் போகும்.

செருப்போடு ஓட்டலாமா?

செருப்பு போடக்கூடாது என்று சட்டம் இல்லை. பெடலைச் சரியாகப் பயன்படுத்த முடியாத காலணி கூடாது என்பதே விதி. பின்வார் இல்லாத செருப்பு அவசரத்தில் கழன்று பெடலுக்கு அடியில் போய்விடும். தடித்த அடியுள்ள சப்பாத்தில் பிரேக்கின் துடிப்பு தெரியாது. மெல்லிய, தட்டையான அடியுள்ள சப்பாத்து, பழகும்போது போட்ட அதே சோடி.

மோட்டார் சைக்கிள் டெஸ்டிலும் இது உண்டா?

உண்டு, அங்கே ஏழில் ஒன்று என்ற சலுகை இல்லை, எல்லோரும் செய்ய வேண்டும். மொடியூல் 1 என்ற பகுதியில், மூடிய மைதானத்தில், மணிக்கு 50 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் போய் நிறுத்த வேண்டும். வேகத்தைக் கருவியால் அளப்பார்கள்.

ஃபெயில் ஆனால் எவ்வளவு நாளில் மறுபடி போகலாம்?

குறைந்தது 10 வேலை நாள் இடைவெளி வேண்டும். கட்டணம் வார நாளில் 62 பவுண், மாலை, வார இறுதி, வங்கி விடுமுறைகளில் 75 பவுண். இடம் கிடைப்பதுதான் பெரிய பாடு, லண்டனில் திகதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். முடிவு வந்த அன்றே அடுத்த திகதியைத் தேடத் தொடங்குங்கள். எக்ஸாமினர் கடைசியில் வாயால் சொல்லும் விளக்கத்தைக் கேட்க, பயிற்றுநரையும் பக்கத்தில் வரச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் உங்கள் காதில் பாதிதான் விழும்.